மகளுக்கு, திருவானைக்காவிலிருந்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்ததைப் போனிலேயே சொல்லிவிட்டேன். பெட்டியைப் பிரித்து, நீ வாங்கிக் கொடுத்த தேயிலையை அக்கம்பக்கத்தில் பங்கிட்டுக் கொடுத்து எல்லாம் ஆயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். மாடி அறையின் மேற்குச் சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது, ஐப்பசி மழைக்கு முன் பூசிவிட வேண்டும். போனில் பேச ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். உன் வேலை அப்படி, குறை சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லாத நாளில் உட்கார்ந்து படி.

நீ இருக்கும் சியாமெனிலிருந்து பக்கத்து ஊரான சுவான்சோவுக்கு நானும் அம்மாவும் போன நாளில் என்னென்ன நடந்தது என்று உனக்கு முழுதாகச் சொல்லவே இல்லை. அன்று இரவு ஸ்டேஷன் வாசலில் நீ நின்ற நிலையைப் பார்த்த பிறகு எனக்கும் அம்மாவுக்கும் பேச்சு வரவில்லை. மறுநாள் நீ ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாய்.

முதலில் ஸ்டேஷன் விஷயம். வடக்கு ஸ்டேஷன் என்று நீ சீனத்தில் எழுதித் தந்த தாளை டிரைவரிடம் காட்டினேன். அவர் தலையாட்டினார், ஆனால் தீவுக்குள் இருக்கும் பழைய சியாமென் ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். எழும்பூரில் ஏற வேண்டியவர்களைச் சென்ட்ரலில் விட்டது போல. உள்ளே போய் விசாரித்த பிறகுதான் வடக்கு ஸ்டேஷன் கடலுக்கு அந்தப் பக்கம், ஜிமெய்யில் இருப்பது புரிந்தது. கவுண்டரில் இருந்த பெண் எங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி, முகம் சுளிக்காமல் அடுத்த ரயிலுக்கு மாற்றிக் கொடுத்தாள். அங்கே பாஸ்போர்ட்தான் டிக்கெட் என்று நீ சொன்னபோது அம்மா நம்பவில்லை, அன்று நம்பினாள். தானியங்கிக் கதவு மட்டும் எங்கள் பாஸ்போர்ட்டை ஏற்கவில்லை. பக்கத்தில் ஆள் நிற்கும் வழியாக அனுப்பினார்கள்.

ரயில் ஏறிய பிறகு ஒரு குறையும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் பொதுப்பணித் துறையில் இருந்தவனுக்கு அந்தப் பாதையில் பார்க்க எவ்வளவோ இருந்தது. இப்போது 2023இல் கடல்மேல் பாலம் போட்டு இன்னொரு பாதையும் திறந்துவிட்டார்கள், மணிக்கு 350 கிலோமீட்டர். இந்த நாட்டில் தனியாக வந்து, அவர்கள் மொழியைக் கற்று, அவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து வேலை செய்கிறாயே என்று ஜன்னலோரம் நினைத்துக்கொண்டு போனேன். உன்னிடம் இதை நேரில் சொன்னதில்லை.

நாம் எல்லோருமாக ஞாயிற்றுக்கிழமை போவதாகத்தான் முதலில் பேச்சு. ஞாயிறு மாலை மாப்பிள்ளை செங்டுவிலிருந்து திரும்பிவிடுவார், திங்களன்று சேர்ந்தே போகலாம் என்று நீதான் மாற்றினாய். ஞாயிறு இரவு அவருக்கும் சேர்த்து அம்மா சமைத்து வைத்திருந்தாள். அவருக்கு வேலை முடியவில்லை என்றாய். திங்கள் காலையில் உனக்கும் மீட்டிங் என்றாய். சரி, வேலை என்றால் அப்படித்தான்.

ஆனால் திங்கட்கிழமை சுவான்சோ அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வாசல் வரை போய்த் திரும்பினோம். காவலர் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினார். நான் எதற்காக அந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். யானை லிங்கத்துக்குப் பூசை செய்யும் சிற்பம் அந்தக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் ஊர் நாவல் மரத்தடிக் கதை, சீனக் கடற்கரையில் யாரோ தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோவிலின் கல்லில். சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது 1281இல், அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் நலனுக்காக இறைவனை எழுந்தருளச் செய்ததாகச் சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்தி தமிழில் பொறித்த கல்வெட்டும் 1956இல் அந்த ஊரில்தான் கிடைத்தது. இத்தனை தூரம் போயும் அந்த யானையைப் பார்க்கவில்லை. உனக்கு முக்கால் மணி நேர ரயில் பயணம்தான். ஒரு லீவு நாளில் போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பு. திங்கட்கிழமை போகாதே.

பிறகு காய்யுவான் கோவிலுக்குப் போனோம். 686இல் தொடங்கிய பௌத்தக் கோவில். முன்னால் இரண்டு கல் கோபுரங்கள், கிழக்கே இருப்பது 48 மீட்டர், மேற்கே இருப்பது அதைவிடக் கொஞ்சம் உயரம் குறைவு. மரக் கட்டடத்தின் உத்தரம், தாங்குகட்டை, ஓட்டு விளிம்பு என எல்லாவற்றையும் கல்லிலேயே செய்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டு வேலை. 1604இல் அந்த ஊரை உலுக்கிய பெரிய நிலநடுக்கத்திலும் நின்றவை. அடித்தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன், அம்மா ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய மண்டபத்தின் பின்பக்கம்தான் அந்த இரண்டு தூண்கள். பதினாறு பட்டை. அழிந்துபோன நம் கோவிலின் தூண்களை மிங் காலத்தில் திருப்பணி செய்தபோது இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஒரு வட்டத்துக்குள் நரசிம்மர், மடியில் இரணியன். இன்னொன்றில் இரண்டு மரங்களுக்கு நடுவே கண்ணன். முதலை பிடித்த யானையும் இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பட்டையின் விளிம்பு ஒரு இடத்தில் ஆட்கள் தொட்டுத் தொட்டு வழுவழுவென்று இருந்தது. அம்மாவும் அங்கேயே கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றாள். யாருக்காக வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த வணிகர்களின் வீட்டார் நாகப்பட்டினத்திலும் காயலிலும் எப்படி நாளைக் கழித்திருப்பார்கள் என்று யோசித்தேன். காற்று திரும்பினால்தான் கப்பல், கப்பல் வந்தால்தான் தகவல். இப்போது கையில் போன் இருக்கிறது. இருந்தும் நான்கு நாளுக்கு ஒரு முறை "பிஸி" என்று ஒரு வார்த்தைதான் வருகிறது. சரி, விடு.

அம்மாவுக்கு அன்று ஒரு சந்தோஷம் கிடைத்தது. கோவில் இருக்கும் மேற்கு வீதி முழுக்க இளம்பெண்கள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போகிறார்கள். பக்கத்தில் சுன்பு என்ற மீனவர் ஊரின் பழக்கமாம். கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூச்சரம். ஒரு கடைக்காரம்மாள் அம்மாவை இழுத்து உட்காரவைத்து, காசு வாங்காமல், சின்னதாக ஒரு சரம் சுற்றிவிட்டாள். நெருங்கிப் பார்த்தால் மொட்டு மல்லிகை. அம்மா அப்படியே உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள், உனக்குப் பின்னிப் பூ வைத்துவிட்ட காலமெல்லாம். அந்தப் பெண்மணிக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கடையிலேயே போன் அணைந்துவிட்டது. மொழிபெயர்ப்பு, வரைபடம், பணம் எல்லாம் அதற்குள். வாடகைக்குச் சார்ஜர் தரும் பெட்டி கடைக்குக் கடை இருக்கிறது, அதை எடுக்கவே போனைக் காட்ட வேண்டும். சைவச் சாப்பாட்டுக் கடையில் என் நோட்டுக்குச் சில்லறை இல்லை. ஒரு மாணவி தன் போனில் பணம் கட்டிவிட்டு என்னிடம் சரியான தொகையை மட்டும் வாங்கிக்கொண்டாள். அவள் தன் போனை நீட்டி யாரையாவது கூப்பிட வேண்டுமா என்று சைகையில் கேட்டாள். உன் நம்பர் என் போனுக்குள் இருந்தது. ஒன்று சொல்கிறேன், முக்கியமான நம்பர்களை ஒரு தாளில் எழுதிப் பர்சில் வை. எங்கள் நம்பர், சித்தப்பா நம்பர், தூதரக நம்பர். தாளில் எழுதி வை.

ஸ்டேஷனுக்குப் போகப் பிடித்த பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. அம்மாவால் வேகமாக நடக்க முடியவில்லை. ரயில் போய்விட்டது. அடுத்தடுத்த வண்டிகளில் இடம் இல்லை. கடைசியில் நின்றுகொண்டு வரும் டிக்கெட்தான் கிடைத்தது. வாசலோரம் நின்ற அம்மாவைப் பார்த்து ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். நன்றாக இருக்கட்டும் அவன்.

வெளியே வந்தால் நீ நிற்கிறாய். ஆபீஸ் உடையோடு, அந்தக் காற்றில் ஒரு மேல்சட்டைகூட இல்லாமல். எத்தனை ரயில் வந்து போகும்வரை நின்றாயோ. எங்களைப் பார்த்ததும் திட்டினாய். திட்டியது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாய், சின்னப் பிள்ளையில்கூட நீ அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நாங்கள் வந்துசேர்ந்த பிறகும் அழுகை நிற்கவில்லை. டாக்சியிலும் நிற்கவில்லை. அது எங்களுக்காக மட்டும் அழுத அழுகை இல்லை என்று அம்மா சொல்கிறாள். நான் அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டேன்.

போன வருஷம் மாப்பிள்ளைக்கென்று அம்மா போட்டு அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய், மூடியில் சுற்றிய டேப் பிரிக்காமல் உன் அலமாரியில் இருந்தது. அவருக்கு அது இல்லாமல் தயிர் சாதம் இறங்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். செருப்பு வைக்கும் தட்டில் உன் செருப்புகள் மட்டும்தான். அம்மா கவனித்தாள், நானும் கவனித்தேன். ஒரு வாரமும் இரண்டு பேரும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீ சொல்லும்போது சொல். சொல்ல முடியாவிட்டால் எழுது.

பெரிய அத்தை விஷயத்தில் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். தாத்தா பெட்டியோடு திருப்பி அனுப்பினார். அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். அது இன்னொரு முறை இந்த வீட்டில் நடக்காது. இதை நான் எழுத்திலேயே கொடுக்கிறேன்.

இரவில் சாப்பிடாமல் படுக்காதே. வேலைக்கு நடுவில் தண்ணீர் குடி. மெலிந்துவிட்டாய், படங்களில் தெரியவில்லை, நேரில் தெரிந்தது. போனில் எப்போதும் சார்ஜ் வைத்துக்கொள். நம்பர்களைத் தாளில் எழுதி வை.

தை மாதம் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். பத்திரிகை இரண்டு பேர் பெயருக்கும்தான் வரும், முறை அது. மாப்பிள்ளை வந்தால் சந்தோஷம். நீ மட்டும் வருவதானாலும் வா. சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்கே வந்துவிடலாம், இப்போதே பதிவு செய்தால் மலிவு. எத்தனை டிக்கெட் என்று நீ முடிவு செய், பணத்தை நான் அனுப்பிவிடுகிறேன். கல்யாண வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்வது என் வேலை, உன்னுடையது இல்லை. மாடி அறைச் சுவரைப் பூசி வெள்ளையடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் இருப்பாய் என்று மட்டும் எழுது, அல்லது அதைக்கூட வந்த பிறகு சொல்.

இப்படிக்கு,
அப்பா