ஓ நெகட்டிவ் குடுத்த திருமங்கலத்துத் தம்பிக்கு

தங்கச்சிக்குப் பிரசவம் முடிஞ்சும் ரத்தம் நிக்கல, ஓ நெகட்டிவ், அவளுக்கு வேற குரூப் ஏத்தவும் முடியாது, பேங்க்ல இருந்ததே ஒரு யூனிட்தான். ராத்திரி 11 மணிக்கு யாரோ சொன்னாங்கன்னு திருமங்கலத்துல இருந்து பைக்ல வந்து நின்னீங்க தம்பி. 350 மில்லி குடுத்துட்டு கெளம்பிருவீங்கன்னு பாத்தா, காலைல இருந்து பச்சத்தண்ணி குடிக்காம உக்காந்திருந்த எங்கம்மாவுக்கு நாங்க கேக்காமயே இட்லி வாங்கியாந்து, டெஸ்ட் முடிஞ்சு ரத்தம் ஏத்துற வரைக்கும் விடிய விடிய வராண்டாவுலயே இருந்தீங்களே, கூடப் பொறந்தவன் மாதிரி. பெட்ரோலுக்குக் காசு நீட்டுனதுக்கு "90 நாள் கழிச்சு மறுபடி குடுப்பேன்க்கா, அப்பவும் காசு தருவீங்களா"ன்னுட்டுப் போயிட்டீங்க, பேர் கூட கேக்கல நான். தங்கச்சி நல்லாருக்கா தம்பி, பொம்பளப்புள்ள. இதப் பாத்தா வீட்டுக்கு வாங்க, அம்மா தெனமும் கேக்குது.