எழுத்துப் பலகையைப் படித்தால் மட்டும் போதாது, மகளே

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய கண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கின்றன, லேசர் செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். "பலகையில கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேன்ப்பா, வண்டி ஓட்ட என்ன தடை?" என்று போனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நேரில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவாய்.

அந்தப் பலகை அளப்பது நேராகப் பார்க்கிற பார்வையை மட்டும்தான். பக்கத்திலிருந்து குறுக்கே வருகிறவரை எவ்வளவு சீக்கிரம் கவனிப்பாய், மங்கலான வெளிச்சத்தில் கறுப்புச் சட்டைக்காரர் கண்ணில் படுவாரா, எதிர் வண்டியின் விளக்கு கண்ணில் அடித்த பிறகு பார்வை தெளிய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையெல்லாம் அது சொல்லாது. சாலையில் உனக்கு வேண்டியது இவையும்தான்.

சின்ன வயதிலிருந்து சர்க்கரையோடு இருப்பவள் நீ, உனக்குத் தெரியாததில்லை. சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே இருந்தால் விழித்திரையின் நுண்ணிய குழாய்கள் தளர்ந்து கசியும், சில அடைபட்டும் போகும். ரத்தம் கிடைக்காத இடம் புதிய குழாய்களை வரவழைக்கும். அவை மிக மெல்லியவை. உடைந்தால் ரத்தம் கண்ணுக்குள் பரவும். வலியே இருக்காது. திடீரென்று கறுப்பு இழைகள் மிதக்கும், இல்லையென்றால் ஒரு கண் முழுக்கப் புகை மூடின மாதிரி ஆகிவிடும். ஓட்டும்போது அப்படி வந்தால் வீடு வரைக்கும் சமாளிக்கலாம் என்று நினைக்காதே. ஓரமாக நிறுத்திவிட்டு யாரையாவது கூப்பிடு, அன்றைக்கே டாக்டரைப் பார்.

லேசரைத் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. 1976-இல் வெளிவந்த பெரிய ஆய்வு, இந்த நிலையில் லேசர் செய்துகொண்டால் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்று காட்டியது. ஆனால் நடுப் பார்வையைக் காப்பாற்ற விழித்திரையின் ஓரங்களில்தான் நூற்றுக்கணக்கான புள்ளிகளைச் சுடுகிறார்கள். அதனால் பக்கப் பார்வையும் இருட்டில் பார்க்கிற திறனும் கொஞ்சம் குறையலாம். லேசர் செய்துகொண்ட பிறகு எனக்கும் அப்படிக் குறைந்தது. வெயிலிலிருந்து இருட்டான அறைக்குள் போனால் நாற்காலி எங்கே இருக்கிறதென்று தெரியச் சற்று நேரமாகிறது. இரவில் வண்டி எடுப்பதை நான் விட்டது அதனால்தான்.

லேசருக்கு முன்னாலும் பின்னாலும் பார்வைப் பரப்புச் சோதனை செய்யச் சொல்லிக் கேள். தாடையை ஒரு தாங்கியில் வைத்து நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்காவது ஒளிப்பொட்டு மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். மின்னியதோ, நாமாக நினைத்துக்கொண்டோமோ என்று சந்தேகம் வரும். கண்ணை அந்தப் பக்கம் ஓட்டத் தோன்றும், ஓட்டாதே. முடிவை ஒரு படமாகத் தருவார்கள். காணாத இடங்கள் அதில் தெரியும். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கிற வரைக்கும் அப்படி இடங்கள் இருப்பதே தெரியாது. ஒரு கண் விட்டதை மறு கண் பிடித்துக்கொள்ளும், மிச்சத்தை மூளையே நிரப்பிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கார் ஓட்ட, இரண்டு கண்ணும் சேர்ந்து பக்கவாட்டில் குறைந்தது 120 பாகை தெரிய வேண்டும். பிரிட்டனில் இரண்டு கண்ணிலும் லேசர் செய்துகொண்டவர் உரிமம் தரும் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நீ இருக்கும் இடத்து விதியை நீயே கேட்டுத் தெரிந்துகொள். லைசென்ஸ் போய்விடுமோ என்று மறைக்காதே. மறைத்து, நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் காப்பீடும் உனக்குத் துணை நிற்காமல் போகலாம். அடிபட்டவருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

"வேலைக்குத் தினமும் வண்டி ஓட்டுகிறேன்" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல். கண்ணுக்குள் போடும் ஊசி உனக்குப் பொருந்துமா என்று கேள். லேசரை விட அதில் பக்கப் பார்வை அதிகம் மிஞ்சுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் தவணை தவறாமல் போக வேண்டும். வேலை, பயணம் என்று நடுவில் விட்டுவிட்டால் நிலைமை மோசமாகிவிடும். உன் வேலையை நினைத்தால் அதுதான் எனக்குக் கவலை. அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்.

அப்புறம், பயத்தில் சர்க்கரையை ஒரே மூச்சில் இறக்கப் பார்க்காதே. வேகமாக இறங்கினால் விழித்திரை கொஞ்ச காலம் இன்னும் மோசமாகலாம். எந்த வேகத்தில் குறைப்பது என்று டாக்டர் சொல்லட்டும். தாழ்சர்க்கரையும் பார்வையை மங்க வைக்கும், நிதானத்தையும் கெடுக்கும். வண்டி எடுக்கும் முன் சோதித்துப் பார். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ஏறியதா என்று பார்த்த பிறகே கிளம்பு.

அடுத்த பரிசோதனைக்கு நீயே ஓட்டிக்கொண்டு போகாதே. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சமே கூசும். அழைத்துப் போக ஆள் கிடைக்காவிட்டால் தேதியைச் சொல், நான் வருகிறேன். பார்வைப் பரப்புப் படம் கைக்கு வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
அப்பா