பிட்மேப் இல்லாத மிரர்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அச்சகத்தில் கரண்ட் போய் சர்வர் அணைந்ததையும், மறுநாள் முழுக்க அது ஊர்ந்து கொண்டே இருந்ததையும் படித்து வருத்தமாக இருந்தது. பஞ்சாங்க வேலை தலைக்கு மேல் இருக்கிற நேரத்தில் இப்படியா! நீ கேட்ட கேள்விக்குத்தான் முதலில் பதில். வீட்டுச் செய்தி கடைசியில்.

"இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்குதானே இருக்கிறது, பிறகு எதற்கு முழுசாகக் காப்பி அடிக்கிறது?" என்று கேட்டிருந்தாய். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால், ஒரு டிஸ்க்கில் ஏறிய எழுத்து இன்னொன்றில் ஏறாமல் நின்றிருக்கலாம். எந்த இடத்தில் என்று, இரண்டு டிஸ்க்கையும் ஒரே பிரதியாக (மிரராக) வைத்திருக்கும் லினக்ஸின் எம்டி என்ற பகுதிக்குத் தெரியாது. எந்தப் பிரதி புதியது என்றுகூட அது ஆராய்வதில்லை. ஒன்றை மூலமாக எடுத்துக்கொண்டு, முதல் பிளாக்கிலிருந்து கடைசி பிளாக் வரை மற்றதை அதற்குச் சமமாக்குகிறது. பாதியில் நின்ற மாற்றங்களைச் சீராக்குவது ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு) வேலை. 4 டிபி டிஸ்க் நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஓடினாலும் ஏழரை மணி நேரம் ஆகும். நடுவில் உன் ஆட்கள் பக்கங்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் இன்னும் இழுக்கும்.

இதற்கு மருந்து பிட்மேப். மிரரின் ஒரு ஓரத்தில் சின்னக் குறிப்பேடு மாதிரி இருக்கும். ஒரு பகுதியில் எழுதப் போகுமுன் அந்தப் பகுதிக்கு ஒரு குறி விழும். இரண்டு டிஸ்க்கிலும் எழுதி முடித்துச் சில நொடி கழித்துக் குறி அழியும். சிஸ்டம் விழுந்து எழுந்தால் குறி மிச்சமிருக்கிற பகுதிகளை மட்டும் ஒத்துப்பார்த்தால் போதும். திருத்தம் விழுந்த பக்கங்களை மட்டும் நீ மறு ப்ரூஃப் பார்ப்பாயே, அதேதான். நான் பார்த்துக்கொள்கிற ஆபீசிலும் போன மழைக்கு சர்வர் அணைந்தது. அங்கேயும் 4 டிபி மிரர்தான், ஆனால் பிட்மேப் உண்டு. காலையில் நான் போய் உட்காருவதற்குள் ரீசிங்க், அதாவது இரண்டையும் சமமாக்கும் வேலை, முடிந்திருந்தது.

100 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் மிரர் உருவாக்கினால் பிட்மேப் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். உன்னுடையதில் அது இல்லை என்றால், எழுதும் வேகம் குறைகிறது என்று யாராவது எடுத்திருக்கலாம். வேகம் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அச்சகத்துக்கு அந்தக் கொஞ்சம் பெரிதல்ல, ஒரு பகல் வேலை கெடுவதுதான் பெரிது. சர்வரை நிறுத்தாமலே பிட்மேப்பைத் திரும்பச் சேர்க்கலாம். ரீசிங்க் ஓடும்போது மட்டும் ஏற்காது, முடியட்டும்.

எம்டியின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பிரிவு) ஓட மற்றவை 'டிலேய்டு' என்று நிற்பதைப் பார்த்து நீ பயந்திருக்கிறாய். அது கோளாறு இல்லை. எல்லா மிரரும் அதே இரண்டு டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள்தானே. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஓட்டினால் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் அங்குமிங்கும் அலைந்து எதுவுமே முடியாது. அதனால் எம்டி வரிசையில் நிறுத்துகிறது. வேக வரம்பை மட்டும் பார். வேறு வேலை ஓடும்போது ரீசிங்குக்கு உறுதியாகக் கிடைக்கும் குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 1000 கேபிதான். அதிலேயே நின்றுவிட்டால் 4 டிபிக்கு ஒன்றரை மாதம் ஆகும்! ஆட்கள் வீட்டுக்குப் போனதும் அந்தக் குறைந்தபட்சத்தை 50000 ஆக்கிவிடு, காலையில் பழையபடி இறக்கிவிடு.

டிஸ்க்கே செத்துப் புதுசு போட்டால் பிட்மேப் உதவாது, முழுக் காப்பிதான். கேபிள் கழன்று திரும்பி வந்த அதே டிஸ்க் என்றால் விடுபட்டதை மட்டும் ஏற்றிக்கொள்ளும். எம்டிஸ்டாட்டில் இரண்டு யூ (U என்ற எழுத்து) இருக்க வேண்டிய இடத்தில் ஒரு யூவும் ஒரு அடிக்கோடும் தெரிந்தால் உன்னிடம் இருப்பது ஒரே பிரதி. அந்த நேரம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். மிச்சமிருக்கிற டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர் ஒன்று ஒளிந்திருந்தால் புது டிஸ்க்குக்குக் காப்பி ஆகும் ரீபில்ட் நடுவில்தான் தலைகாட்டும். அதனால் மாதம் ஒரு முறை முழு டிஸ்க்கையும் படித்துப் பார்க்கும் 'செக்'கைக் கட்டாயம் ஓட விடு. டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு தானாக ஓடும். நீ ஞாயிற்றுக்கிழமை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவாய் என்று நினைவு, சர்வருக்கு மட்டும் விட்டுவை.

டிஸ்க்கை உருவுவதற்கு முன் சீரியல் நம்பரைப் பார். இரண்டிலும் நம்பரைப் பெரிதாக எழுதி முன்பக்கம் ஒட்டிவிடு. பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன் டேபிளைப் புதியதில் ஏற்றும்போது எது மூலம், எது புதுசு என்று இரண்டு தடவை படித்த பிறகு என்டர் தட்டு. மிஷினைக் கிளப்பிவிடும் க்ரப்பையும் புது டிஸ்க்கில் போட வேண்டும், இல்லாவிட்டால் பழையது போகும் நாளில் மிஷின் பூட் ஆகாது. அப்புறம், தப்பாக அழித்த ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். பேக்கப்புக்குத் தனி டிஸ்க் வாங்கி வீட்டில் வை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மஞ்சள் பாதை மெட்ரோ வந்த பிறகு மகள் பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போய்வருவது எளிதாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, உன் கடிதத்தை அவரும் கேட்டு வாங்கிப் படித்தார். டிஸ்க் விலையை எஸ்.பி. ரோட்டில் விசாரித்து எழுதுகிறேன். ஒரு ராத்திரி ஆட்கள் போன பிறகு கூப்பிடு, போனிலேயே இரண்டு பேருமாகப் பிட்மேப்பைப் போட்டுவிடலாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
முருகன்