காய்ச்சலும் நோக்குளிசையும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு கிழமையாக எங்கள் மருந்துக்கடையைப் பற்றி ஒரு குரல்பதிவு வட்ஸ்அப்பில் சுற்றித் திரிகிறது. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். "அண்ணை, இது உங்கட கடையோ?" என்று சிலர் எனக்கே அனுப்பியிருந்தீர்கள். ஓம், எங்கள் கடைதான். அதில் சொல்லப்பட்ட மற்றக் குறைகளுக்கு நான் மறுப்புச் சொல்ல வரவில்லை. பின்னேரங்களில் காக்க வைக்கிறோம், சில்லறை இல்லை என்கிறோம், உண்மைதான். ஆனால் "காய்ச்சலோட வந்த வயது போன மனுசனை வெறுங்கையோட திருப்பி அனுப்பினவங்கள்" என்ற அந்த ஒரு வசனம் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். வந்தவர் யார் என்று எழுத மாட்டேன். அவர் வழமையாக எடுக்கும் மருந்துகள் எவை என்பதும் அவருக்கும் எங்களுக்கும் உள்ள விஷயம். யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு, மழை விட்ட நேரம் பார்த்து வந்தவர். கண்ணாடிப் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "தம்பி, உடம்பெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி உளையுது. அந்த நோக்குளிசையில ஆறு தா" என்றார். அவர் கேட்டது டைக்ளோபெனாக் என்ற நோவைக் குறைக்கும் குளிசை. காசை வாங்க நான் கை நீட்டியபோது அவருடைய விரல்கள் என் உள்ளங்கையில் பட்டன. கொதித்தன.

"ஐயா, காய்ச்சல் எத்தினை நாள்?"

"முந்தநாள் தொடங்கினது. பனடோல் போட்டனான், விடேல்லை. அதுதான் இதைக் கேக்கிறன்."

நோக்குளிசை தரவில்லை. அது உண்மை. ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒரு காட் (குளிசை அட்டை) பனடோலும், உடம்பில் நீர் வற்றாமல் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற் இரண்டும் கொடுத்தோம். எத்தனை மணிக்கு எத்தனை போடுவது என்று பைக்கற்றின் மேல் பெரிய எழுத்தில் எழுதினோம். அடுத்த நாள் காலையிலேயே இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தோம். பில் புத்தகத்தில் அதன் பிரதி இருக்கிறது, வந்து பார்க்கலாம். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் உள்ளே நின்ற பிள்ளை உரத்துச் சொன்னவள். பின்னால் நின்றவர்களுக்கு அது ஏசுவது மாதிரிக் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு அவரிடமும் உங்களிடமும் மனதார மன்னிப்புக் கேட்கிறேன். குளிசை தராததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஏன் என்று விளங்கப்படுத்தத்தான் இந்த மடல்.

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கித் தை மாதம் வரை யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவை நினைக்க வேண்டும். டெங்குவில் இரத்தத்தை உறைய வைக்கும் சிறுதட்டுகள் குறைந்துகொண்டு போகும். அந்த நேரத்தில் டைக்ளோபெனாக், இப்யூபுரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் போன்ற குளிசைகள் வயிற்றுச் சுவரைப் புண்ணாக்கும், இருக்கிற சிறுதட்டுகளையும் வேலை செய்ய விடாது. இரத்தம் கசியத் தொடங்கினால் நிற்பது கடினம். பிரஷருக்கும் சிறுநீர் போவதற்கும் குளிசை எடுக்கும் வயதானவர்களுக்கு, அதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் காய்ச்சலில் கிடக்கும்போது, இவை சிறுநீரகத்தையும் பாதிக்கும். இதே குளிசைகளை மூட்டு நோவுக்கு டொக்டர் எழுதித் தந்தால் நாங்கள் தருகிறோம், தினமும் தருகிறோம். காய்ச்சல் காய்கிற உடம்புக்குத்தான் தர மாட்டோம். பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, டொக்டர் சொல்லாமல், எந்தக் காய்ச்சலுக்கும் அஸ்பிரின் கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒரு அரிதான நோய் அதனால் வரலாம்.

டெங்கு மட்டும் என்றில்லை. 2024 மார்கழியில் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வயலுக்குள் இறங்கியவர்கள், வெள்ளத்தில் நின்றவர்கள் "சும்மா காய்ச்சல்" என்று வீட்டில் படுத்திருந்தார்கள். குளிசை காய்ச்சலை இறக்கும், நோய் உள்ளே தன்பாட்டில் நடக்கும். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ உடம்பு குளிர்ந்தவுடன் "சுகம் வந்திட்டுது" என்று முற்றம் கூட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வயிற்று நோ, விடாத சத்தி, பல் முரசில் இரத்தம், சிறுநீர் குறைவது, எழும்ப ஏலாத சோர்வு, இதில் ஒன்று தெரிந்தாலும் எங்கள் கடைக்கு வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பனடோலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பனடோல் தானே" என்கிற பேச்சு எனக்கு நோக்குளிசையை விடப் பயம். அதற்குள் இருக்கும் மருந்து பரசிற்றமோல். அளவோடு எடுத்தால் கர்ப்பிணித் தாய்மாருக்கும் முதியவருக்கும் முதலில் கொடுக்கும் மருந்து அதுதான். வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால். அவசரத்துக்கும் நாலு மணித்தியாலத்துக்கு முன்னம் கூடாது. 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசைக்கு மேல் ஒன்றும் கூடாது. மெலிந்தவர்கள், ஈரல் வருத்தக்காரர், நாள்தோறும் கள்ளோ சாராயமோ எடுக்கிறவர்களுக்கு எட்டே அதிகம். அவர்கள் டொக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஈரல் இந்த மருந்தை உடைக்கும்போது ஒரு சிறு பங்கு நஞ்சாக மாறுகிறது. அதை அடக்க ஈரலிடம் ஒரு சேமிப்பு இருக்கிறது. அளவு மீறினால் அந்தச் சேமிப்புக் கரைந்து, ஈரலே எரிகிறது.

இதில் மோசம் என்னவென்றால், முதல் நாள் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டல், கொஞ்சம் சத்தி, பிறகு தெளிந்த மாதிரி இருக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் ஈரல் காட்டும். அதனால் யாராவது தவறியோ வேறு எதனாலோ கூடுதலாக விழுங்கிவிட்டால், "ஆள் நல்லாத்தானே இருக்கு" என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். குளிசை இருந்த வெறும் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அசிற்றைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. எட்டு மணித்தியாலத்துக்குள் ஏற்றினால் ஈரலைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். நாங்கள் ஒரேயடியாக ஐந்து ஆறு காட் கேட்பவரிடம் "வீட்டில ஆருக்கு?" என்று விசாரிப்பதும் இதனால்தான். இங்கிலாந்தில் 1998 இல் ஒரு பெட்டிக்கு எத்தனை குளிசை விற்கலாம் என்று சட்டம் போட்டார்கள். மருந்துக்கடையில் 32, மற்றக் கடைகளில் 16. அதன் பிறகு அங்கே இதனால் நேர்ந்த சாவுகள் குறைந்தன. 2006 ஆவணியில் ஏ9 வீதி பூட்டுப்பட்டு யாழ்ப்பாணத்தில் சாமான் தட்டுப்பட்ட காலத்தையும், 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு காட் பனடோலுக்காகக் கடை கடையாக அலைந்ததையும் கண்ட சனம் நாங்கள். அலுமாரியில் சேர்த்து வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சின்னப் பிள்ளைகளோ மனம் நொந்தவர்களோ இருக்கும் வீட்டில் பத்துக் காட் வேண்டாம்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வெளிநாட்டுப் பெட்டி. கனடாவில் இருந்து மகன் கொண்டுவந்த ரைலனோல், பாரிஸில் இருந்து மகள் அனுப்பிய டொலிப்ரான், எல்லாம் இதே பரசிற்றமோல்தான். பெயர் மட்டும் வேறு. ஒரு அம்மா பையைத் திறந்து டொலிப்ரான் பெட்டியைக் காட்டினார். 1000 மில்லிகிராம். எங்கள் பனடோல் இரண்டு, அவருடைய ஒன்றுக்குச் சமம். அவர் பழக்கதோஷத்தில் இரண்டு இரண்டாக மூன்று நேரம் போட்டிருந்தார். எண்ணிப் பாருங்கள், ஒரே நாளில் பன்னிரண்டு பனடோல். "பிள்ளை அனுப்பின நல்ல மருந்து எண்டு நினைச்சன் தம்பி" என்றார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், சுகமாக வந்தார். ரைலனோலில் 650 மில்லிகிராமில் மெல்ல மெல்லக் கரையும் வகையும் உண்டு. பனடீனிலும், தடிமனுக்கு விற்கும் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் கலந்திருக்கிறது. பெட்டியைக் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம். எங்களிடம் வாங்காத மருந்தென்றாலும் சொல்வோம்.

பிள்ளைகளின் பாணி மருந்தில் தேத்தண்ணிக் கரண்டி பாவிக்க வேண்டாம். ஒரு வீட்டுக் கரண்டி போல மற்ற வீட்டுக் கரண்டி இல்லை. பாணியிலும் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 250 உள்ளது ஒன்று. பத்துக் கிலோ பிள்ளைக்கு முதலாவதில் 6 மில்லிலீற்றர் என்றால் இரண்டாவதில் 3 தான். பழைய போத்தலின் கணக்கைப் புதுப் போத்தலுக்குப் போட்டால் இரட்டிப்பாகிவிடும். ஆகவே வயதைச் சொல்லாமல் நிறையைச் சொல்லுங்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்தப் பாணியும் கேட்காமல் டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

விலையைப் பற்றியும் பேச்சு அடிபடுகிறது. பைக்கற்றில் அச்சடித்த உச்ச விலைக்கு மேல் ஒரு சதமும் நாங்கள் எடுப்பதில்லை. எங்கள் மருந்தாளர் போன மாதம் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டதால், வேறொருவர் கிடைக்கும் வரை மாலை 6 மணிக்குப் பூட்டுவோம், ஞாயிற்றுக்கிழமை திறக்க மாட்டோம்.

குரல்பதிவைக் கேட்ட பிறகும் வழக்கம்போல வந்தவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒரு ரீச்சர் அம்மா வரிசையில் நின்றவர்களிடம், "என்ரை மகனுக்கு டெங்கு எண்டு முதல் சந்தேகப்பட்டது இந்தக் கடைதான்" என்று எழும்பி நின்று சொன்னார். என் தகப்பனார் கதிரை போட்டு இருந்த காலத்தில் இருந்து வருகிற குடும்பங்கள் தொலைபேசி எடுத்து "தம்பி, மனம் விடாதை" என்றார்கள். அந்த ஐயாவும் நேற்று வந்தார். இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தார். அதில் என்ன இருந்தது என்பதும் அவருடைய விஷயம். நன்றாக இருக்கிறார், அது போதும். உங்கள் எல்லோருக்கும் நன்றி, மிக்க நன்றி.

பிள்ளைகளுக்குப் பாணி வாங்கும்போது அளவு போட்ட சிறிய ஊசிக்குழாய் ஒன்று இனிமேல் காசில்லாமல் தருவோம். கவுண்டரில் நிற்கும் பிள்ளை மறந்தால் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் மருந்துக்கடை உரிமையாளர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.