வாழ்த்து அட்டையை வரைந்தே கொடுக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அம்மாவுக்குப் போன சித்திரையில் 70 வயது முடிந்தது. ஏற்காடு மலையில் காபித் தோட்டத்தில் பழம் பறித்து எங்களை வளர்த்தவர், இன்றைக்கும் மலையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். சேலை எடுத்தால் அது நேராக பீரோவுக்குப் போய்விடும். முந்தின வருடம் சேலத்தில் ஒரு கடையில் போட்டோ அச்சடித்த கப் வாங்கிக் கொடுத்தோம், நாலே மாதத்தில் அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அதனால் இந்த முறை ஏழாவது படிக்கும் என் மகள், அம்மாயிக்கு நானே அட்டை வரைகிறேன் என்று உட்கார்ந்தாள்.

காபிப் பூ வரைய வேண்டும் என்பது அவள் யோசனை. என்ன விஷயம் என்று சொல்லாமலே அம்மாயிக்கு போன் போட்டு, "காபிப் பூவுக்கு எத்தனை இதழ்?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேச்சு ஓடியது. அஞ்சு இதழ், பூ கிளை நுனியில் வராது, கணுவுக்குக் கணு இலையடியில் கொத்தாகத்தான் வரும், கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும், மல்லிகை மாதிரி வாசம் வரும், மூணு நாலு நாளில் எல்லாம் வாடிவிடும் என்று, என்னிடம்கூட இதுவரை சொல்லாததையெல்லாம் பேத்தியிடம் சொன்னார். கடையில் அட்டை வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

வரையும்போதுதான் கஷ்டம் தெரிந்தது. சார்ட் தாளில் வாட்டர்கலர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது, அப்புறம் நாலைந்து கடை ஏறி இறங்கி 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள தடித்த தாள் வாங்கினோம். வெள்ளைப் பூவுக்கு வெள்ளை பெயின்ட் தேவையே இல்லை, பூ வரும் இடத்தைத் தாளாகவே விட்டுவிட்டுச் சுற்றிலும் இலையின் கரும்பச்சையை அடித்தால் பூ தானாக எழுந்து நிற்கிறது. மிச்சத்தை ஏற்காட்டுக்குப் போய் முடிக்கலாம் என்று விட்டதுதான் தப்பு. சேலம் வெயிலில் சீக்கிரமே காய்கிற வர்ணம் அங்கே சாயங்காலப் பனிமூட்டத்தில் காயவே இல்லை, அவசரத்தில் அட்டையை மடித்ததில் ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டது. அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வருகிறவர்களிடம் எல்லாம், "கணுவுல சரியா வச்சிருக்குது பாரு" என்றுதான் காட்டுகிறார்.

கப்பில் வரைய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண அக்ரிலிக் பெயின்ட் வாய் படும் இடத்திலும் உள்பக்கத்திலும் கூடாது, தேய்த்துக் கழுவினால் உரிந்தும் போகும். பேனா போட்டு வைக்க என்றால் சரி. கைக்குட்டை, தலையணை உறை என்றால் துணிக்கான பெயின்ட் வாங்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பின்பக்கமாக இஸ்திரி போட்டால் வர்ணம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

இது நமக்குப் புதுசும் இல்லை. 1980களில் 15 பைசா தபால் அட்டையில் கரும்பும் பானையும் வரைந்து, ஸ்கெட்ச் பேனாவில் வர்ணம் தீட்டி, மாமா வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் பொங்கல் வாழ்த்து அனுப்பிய தலைமுறைதானே நாங்கள்! இப்போது என் மகள் பள்ளியில் வாரத்துக்கு ஒரு ஓவிய வகுப்பு, அதையும் பரீட்சை நெருங்கினால் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அது எனக்கு ரொம்ப வருத்தம்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமையில் சிறுவர்களுக்காகக் கால் பக்கம் ஒதுக்கி, பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வரைந்த பிறந்தநாள் அட்டைகளை வெளியிடுங்கள், எந்தத் தாள், எந்த வர்ணம், எப்படிக் காயவைத்தார்கள் என்பதையும் இரண்டு வரி போடுங்கள். முதல் வாரத்துக்கு எங்கள் காபிப் பூவை, ஒட்டிக்கொண்ட அந்த ஓரத்தோடு அப்படியே படமெடுத்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.