எதிர்நோக்கு கைகட்டிக் காத்திருப்பதல்ல

ஆசிரியருக்கு,

மாங்காய் விலைச் சரிவு பற்றிய தங்கள் தலையங்கம், ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்ற ஆறுதல் விவசாயியை முடக்கிவிடுவதாகக் கவலைப்படுகிறது. கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். தமிழ்க் கத்தோலிக்கர், கடவுளை நம்புவதற்கு ‘நம்பிக்கை’, நன்மை வரும் என்ற உறுதிக்கு ‘எதிர்நோக்கு’ என்று இரண்டு சொற்களைத் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை புனித ஆண்டாகக் கொண்டாடிய 2025 யூபிலி ஆண்டுக்குத் திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் தேர்ந்த கருப்பொருளும் எதிர்நோக்குதான். பைபிளில் எபிரேயர் திருமுகம் (6:19) அதை உள்ளத்தின் நங்கூரம் என்கிறது. கடலே இல்லாத கிருஷ்ணகிரியில் நங்கூரத்தை யார் கண்டார்? சரி, பொருள் புரிகிறது. நங்கூரம் அலையை நிறுத்தாது. படகை அடித்துப்போக விடாது, அவ்வளவுதான். துடுப்பு நம் கையில்.

சில ஆண்டுகளுக்கு முன், பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலையால் என் அப்பா ஒன்றரை ஏக்கர் பெங்களூரா ரக மாங்காயை மரத்திலேயே விட்டுவிட்டார். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. ஞாயிறு பூசைக்குப் போவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. பூசை முடிந்து கோயில் வேப்பமரத்தடியில் நாலு பேரிடம் பேசியதில்தான், மழை வந்ததும் மர வரிசைகளுக்கு நடுவே கொள்ளும் துவரையும் விதைக்கலாம் என்ற யோசனை பிறந்தது. கடன் முழுதும் தீரவில்லை. தோட்டத்தை விற்கவும் இல்லை. அந்த மரத்தடிப் பேச்சை எங்கள் பங்குக் கோயில்களே (ஊர்த் தேவாலயங்களே) முறைப்படுத்தலாமே. மே முதல் ஜூலை வரை ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், தோட்டக்கலைத் துறை அலுவலர் ஒருவரையும் அழைத்து, எந்த மதத்தவரும் வந்து உட்காரும்படி கோயில் வளாகத்தைத் திறந்துவிடட்டும்.

ஒரு வாசகர்,
கிருஷ்ணகிரி