பழைய படங்களைப் பார்த்து அறியும் பிற்பகல்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புடைய பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

வணக்கம்.

இத்தவணையின் இறுதி வாரத்து வெள்ளிக்கிழமை பிற்பகல், தரம் 9 முதல் 11 வரையான மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருடன் அமர்ந்து, பழைய திரைப்படங்களை ஒரேயொரு காட்சிப் படத்தையும் இரண்டு மூன்று வரிக் கதைக்குறிப்பையும் கொண்டு அடையாளங்காணும் நிகழ்வொன்றைப் பாடசாலையின் பிரதான மண்டபத்தில் நடத்தத் தீர்மானித்துள்ளோம். இதற்கு உங்கள் வருகை மட்டுமன்றி, அதற்கு முந்திய சில வாரங்களில் வீட்டில் உங்கள் துணையும் வேண்டியிருப்பதால், எமது எண்ணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சென்ற தவணையில், தமிழாசிரியை விடுமுறையில் இருந்த ஒரு நாள், தரம் 10 வகுப்புக்குப் பதிலாசிரியராகச் சென்றேன். திரையில் ஓர் ஒளிப்படத்தைக் காட்டி, இதில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்டேன். வெண்பூப் பூத்து உயர்ந்து நிற்கும் நாணற்காடு. அதனிடையே ஒரு சிறுமியும் அவளுடைய தம்பியும். தொலைவில் வானத்தின் ஓரமாகக் கரும்புகை. பழைய படம், கறுப்பு வெள்ளைப் படம், வட இந்தியப் படம் என்று விடைகள் வந்தன. அவை பிழையல்ல, ஆயினும் படத்தைப் பாராமலே சொல்லிவிடக்கூடிய விடைகள். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி மட்டும் சிறிது நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்தப் பிள்ளையள் புகையைத்தான் பார்க்கினம், சேர். அது கோச்சிப் புகை. அவை இதுக்கு முதல் கோச்சி கண்டதில்லைப் போலக் கிடக்கு” என்றாள்.

அது சத்தியஜித் ராய் 1955இல் வெளியிட்ட ‘பதேர் பாஞ்சாலி’. அக்காவும் தம்பியும் புகையிரதத்தைக் காண நாணற்காட்டுக்குள் ஓடும் அக்காட்சி உலகத் திரைப்பட வரலாற்றில் பெரிதும் போற்றப்படுவது. அம்மாணவி அப்படத்தைப் பார்த்தவளல்லள்; அதன் பெயரையும் அறியாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டபோது, தன் தாயார் கைக்குழந்தையாக இருந்த 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றுபோனதையும், 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் வந்தபோது, பிள்ளை பெற்ற பின்னரே தாயார் முதன்முதலாக ஒரு புகையிரதத்தைக் கண்டதையும், அன்று நிலையத்தில் அவர் எடுத்த ஒளிப்படத்தில் எல்லோரும் ஒரே திசையில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதையும் சொன்னாள். அந்தப் பார்வையைத்தான் அவள் வங்காளத்து நாணற்காட்டில் கண்டிருக்கிறாள். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. அன்று மாலையே இந்நிகழ்வை நடத்துவதென்று முடிவு செய்துவிட்டேன்.

பெயரைச் சொல்வதற்கும் கண்டு அறிவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை நான் ஆசிரியத் தொழிலின் தொடக்கத்தில் உணர்ந்திருக்கவில்லை. வேறொரு பாடசாலையில் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், இதுபோன்ற வினாவிடை ஒன்றில், படத்தின் பெயரைத் தவறாகச் சொன்ன ஒரு மாணவன் தன் காரணங்களை விளக்க முற்பட்டபோது, நேரமில்லை என்று அவனை அமர்த்திவிட்டேன். சுவரில் விழுந்த நிழலைக் கொண்டு அது மாலைநேரமென்றும், மேசையிலிருந்த இரண்டு கோப்பைகளைக் கொண்டு அறையிலிருந்து ஒருவர் சற்றுமுன் வெளியேறியிருக்கிறார் என்றும் அவன் கண்டிருந்தான் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அவனுக்குப் பூச்சியம் இட்டதை எண்ணி இன்றும் வருந்துகிறேன். ஆகவே, இம்முறை ஒவ்வொரு படத்துக்குமான பத்துப் புள்ளிகளில் பெயருக்கு நான்கும், எதைக் கொண்டு அறிந்தோம் என்று எழுதும் காரணங்களுக்கு ஆறும் வழங்கப்படும். பெயர் பிழைத்தாலும் காரணம் நன்றாயின் அந்த ஆறு புள்ளிகள் முழுமையாகக் கிடைக்கும்.

எவற்றைப் பார்க்கலாம் என்பதற்கு வீட்டிலிருந்தே தொடங்கலாம். பழைய விளம்பரத் தாள் ஒன்று கிடைத்தால் முதலில் எழுத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முந்திய விளம்பரங்களில் ‘னை’, ‘லை’, ‘ளை’ ஆகியவை மேல்நோக்கி வளைந்த கொம்புடன் இருக்கும். ‘றா’, ‘னா’ ஆகியவையும் வேறு வடிவில் இருக்கும். பிள்ளைகளுக்கு அது பிழையான எழுத்தாகத் தோன்றும். அம்மம்மாவோ அப்பப்பாவோ இன்றும் கடிதத்தில் அப்படியே எழுதக்கூடும். அந்தக் கொம்பு ஒன்றே படம் எக்காலத்தது என்பதற்கு நல்ல சாட்சி. உடையும் வாகனமும் விளக்கும் இவ்வாறே காலத்தைச் சொல்லும். எனினும் சரித்திரப் படங்களில் அவை ஏமாற்றிவிடும் என்பதையும் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959இல் வந்தது; ஆயினும் உடையை மட்டும் பார்ப்பவர் 18ஆம் நூற்றாண்டிலேயே நின்றுவிடுவார்.

பொருள்களைப் பார்ப்பது இதைவிட ஆழமானது. நாம் காட்டவிருக்கும் படங்களில் ஒன்றில், அடகுகடையின் உயர்ந்த தட்டுகளில் மேலே மேலே அடுக்கப்பட்ட துணிப் பொதிகள் இருக்கும். ஒருவர் புதிதாக வந்த பொதியொன்றைச் சுமந்து அத்தட்டுகளில் ஏறிக்கொண்டிருப்பார். அவை அத்தனையும் படுக்கை விரிப்புகள். ஒரு குடும்பம் தன் விரிப்புகளை அடகுவைத்துச் சைக்கிளொன்றை மீட்கிறது. ஆனால், அக்குடும்பத்துக்கு முன் எத்தனை குடும்பங்கள் அதையே செய்திருக்கின்றன என்பதை வசனம் எதுவுமின்றி அத்தட்டுகள் சொல்லிவிடுகின்றன. இது விற்றோரியோ டி சிக்கா 1948இல் எடுத்த இத்தாலியப் படமான ‘சைக்கிள் திருடர்கள்’. அதில் தந்தையாக நடித்தவர் தொழில்முறை நடிகரல்லர், தொழிற்சாலைத் தொழிலாளி. வேலை கிடைத்த முதல் நாளே, அவ்வேலைக்கு இன்றியமையாத சைக்கிள் களவுபோகிறது. தந்தையும் மகனும் ரோமாபுரித் தெருக்களில் அதைத் தேடுகிறார்கள். எரிபொருள் தடையிருந்த 1990களில் நோயாளியையும் விறகையும் அரிசி மூட்டையையும் சைக்கிளிலேயே ஏற்றிச் சென்ற உங்களுக்கு, ஒரு சைக்கிள் களவுபோவது என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. அதைப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும். படத்தின் முடிவை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நானும் இங்கே எழுதவில்லை.

கதைக்குறிப்பு எழுதுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் இந்நிகழ்வுக்கு ஆயத்தம் செய்தபோதுதான் அறிந்தோம். ‘சிவாஜி நடித்த படம்’ என்பது குறிப்பாகாது. ‘ஒருவர் கொல்லப்படுகிறார்’ என்பது நூறு படங்களுக்குப் பொருந்தும். நாங்கள் குறிப்புகளை அரிதிலிருந்து எளிதுக்கு இறங்கும் படிகளாக அமைத்துள்ளோம். முதற்படி: சென்னை நகரில் யப்பானியக் குண்டு விழுந்த காலம். இரண்டாம் படி: ஒரு வீட்டில் துப்பாக்கி வெடிக்கிறது, வானொலிப் பொறியியலாளர் ஒருவர் இறந்துகிடக்கிறார், விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் அவரைப் பற்றி வெவ்வேறு கதை சொல்கிறார்கள். மூன்றாம் படி: படம் முடியும்வரை ஒரு பாட்டும் இல்லை. வீட்டில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் இருந்தால் மூன்றாம் படியை வாசிக்கத் தொடங்கியதுமே ‘அந்த நாள்’ என்று சொல்லிவிடக்கூடும். வீணை வித்துவானாகிய எஸ். பாலசந்தர் 1954இல் இயக்கியது அது; இசையில் ஊறிய ஒருவர் பாட்டே இல்லாத படம் எடுத்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. அதனுடன் சேர்த்து, ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும் மற்றொரு படமான, அகிரா குரோசாவாவின் 1950ஆம் ஆண்டு யப்பானியப் படம் ‘ரஷோமோன்’ காட்டப்படும். இடிந்த பெருவாயில் ஒன்றின் மீது மழை கொட்டும் காட்சி அது. மழைத்தாரை படத்தில் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக நீரில் கறுப்பு மையைக் கலந்தார்கள். இப்படத்தின் கதை சிறுவருக்கு உகந்ததன்று என்பதால் வாயிற்காட்சியை மட்டுமே காட்டுகிறோம். வீட்டில் பிள்ளைகளை முழுப் படத்தையும் பார்க்கவைக்க வேண்டாம்.

நல்ல கதைக்குறிப்பு எப்படியிருக்கும் என்பதை எங்கள் ஊர் எப்போதோ அறிந்திருந்தது. வின்சர், ராணி, ரீகல், வெலிங்டன் தியேட்டர்களில் படம் பார்த்தவர்கள் பாட்டுப் புத்தகங்களை மறந்திருக்கமாட்டார்கள். மெல்லிய தாளில், பாடல்களுக்கு முன்பாக, ஓரிரு பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். நாயகன் பெருஞ்சிக்கலில் அகப்படும் இடம்வரை சொல்லிக்கொண்டு வந்து, ‘மிகுதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். எனது தகப்பனார் சேர்த்து வைத்திருந்த கட்டு ஒன்றை, படங்களைப் பார்க்காமலே, சிறுவனாக இருந்தபோது திரும்பத் திரும்ப வாசித்து மிகுதிக் கதைகளை நானே கட்டியிருக்கிறேன். இடப்பெயர்வின்போது அந்தக் கட்டு வீட்டோடு போய்விட்டது. உங்களில் எவரிடமாவது பாட்டுப் புத்தகங்கள் எஞ்சியிருந்தால், அவற்றை ஒரு நாள் மட்டும் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காட்சிப்படுத்த எமக்குத் தந்துதவுமாறு மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

அதிலும் முதன்மையாக, இந்நாட்டில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்கள் தொடர்பான எதுவானாலும் தாருங்கள். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்து டபிள்யூ. எஸ். மகேந்திரன் இயக்கிய ‘குத்துவிளக்கு’ 1972இல் வந்தது. தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் பொருளாகக் கொண்டு ‘பொன்மணி’யை எடுத்தார். செங்கை ஆழியானின் மீனவர் கதையான ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் படமாயிற்று. ஹொலிவூட் படங்களின் காட்சிகளை எங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் எத்தனை தடவையும் பார்க்கலாம். தங்கள் ஊரின் ஒழுங்கையும் பனங்கூடலும் திரையில் எப்படித் தெரிந்தன என்று பார்ப்பது எளிதாயில்லை. 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் அதனுடன் அழிந்தன. இப்பகுதிக்கு மட்டும் போட்டிப் புள்ளிகள் இல்லை. அப்படங்களை அன்று தியேட்டரில் பார்த்த பெரியவர்கள், தங்கள் நினைவிலுள்ள ஒரு காட்சியை, யார் எங்கே நின்றார், பின்னால் என்ன தெரிந்தது, வெயிலா நிழலா என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அதைக் கேட்டு வரைவார்கள். சித்திர ஆசிரியர் வேண்டிய தாளும் வண்ணமும் ஆயத்தமாக வைத்திருப்பார். என்னைக் கேட்டால், அன்றைய நாளின் மிகப் பெறுமதியான ஒரு மணித்தியாலம் இதுதான்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் வேளையில் சினிமா எதற்கு என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் நேரில் கேட்டார். அக்கறையோடு கேட்கப்பட்ட கேள்வி அது. தரப்பட்ட பந்தியை வாசித்து, அதில் நேரடியாகச் சொல்லப்படாததை உய்த்துணர்ந்து விடை எழுத வேண்டிய வினாக்களில் எமது மாணவர்கள் தடுமாறுவதை விடைத்தாள்களில் தொடர்ந்து காண்கிறேன். நாணற்காட்டுப் புகையை வைத்துப் பிள்ளைகளின் மனத்தை அறிந்த அம்மாணவி செய்தது அதே உய்த்துணர்வுதான். நாடகமும் அரங்கியலும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஆகிய பாடங்களைப் பயில்வோருக்கு இதன் பயன் வெளிப்படையானது. எனினும் பங்குபற்றுவது கட்டாயமன்று. தரம் 11 மாணவர்கள் ஒரு பிற்பகலுக்கு மேல் இதற்குச் செலவிடத் தேவையுமில்லை.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. வாரத்துக்கு ஒரு பழைய படத்தைப் பிள்ளையோடு உடனிருந்து பாருங்கள். எந்தப் படம் என்பது உங்கள் விருப்பம். இடையில் ஓரிடத்தில் நிறுத்தி, இவர் யாரைப் பார்க்கிறார், கதவு ஏன் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும்வரை பொறுத்திருங்கள். கைத்தொலைபேசியில் ஒளிப்படத்தைக் காட்டினால் அது ஒரு நொடியில் பெயரைச் சொல்லிவிடும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். பெயர் கிடைத்தவுடன் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது என்பதே எனது கவலை. இக்காரணத்தால் அன்று மண்டப வாசலில் மாணவர், பெரியவர், ஆசிரியர் அனைவரதும் கைத்தொலைபேசிகள் பெயரிட்ட உறைகளில் பெற்றுக்கொள்ளப்பட்டு, நிகழ்வு முடிந்ததும் திருப்பித் தரப்படும்.

நிகழ்வு பிற்பகல் 2.00 மணிக்குத் தொடங்கி 4.30 மணிக்கு நிறைவடையும். காட்டப்படும் படங்கள் 12; ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். கட்டணம் ஏதுமில்லை. உடன் வருபவர் தாய் தந்தையராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; அம்மம்மா, அப்பப்பா, மாமி, அயல்வீட்டு முதியவர் எவரும் வரலாம். வீட்டில் பெரியவர் எவரும் வரமுடியாத பிள்ளைகளோடு எமது ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அமர இசைந்துள்ளார்கள். அத்தகைய பிள்ளைகள் எவரும் இதன் பொருட்டு ஒதுங்கிவிடாதபடி வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே அறியத்தாருங்கள். கண்பார்வை குறைந்த முதியவர்களுக்கு முன்வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. பார்வை அறவே இல்லாதவர்களும் வரவேண்டும், ஏனெனில் திரையில் இருப்பதை அவர்களுக்குச் சொற்களால் எடுத்துரைக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் ஏற்பார்கள்.

பாட்டுப் புத்தகங்கள், பழைய அனுமதிச் சீட்டுகள், விளம்பரத் தாள்கள் ஆகியவற்றை நிகழ்வுக்கு முந்திய புதன்கிழமைக்குள், உரியவரின் பெயர் எழுதிய உறையிலிட்டு, நூலகப் பொறுப்பாசிரியரிடம் நேரில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் புத்தகப் பையில் கொடுத்தனுப்ப வேண்டாம். மாரி காலத் தூறலில் அந்தத் தாள்கள் நனைந்தால் பிறகு தேற்ற முடியாது.

இங்ஙனம்,
அதிபர்
யாழ்ப்பாணம்